கிராம சபை 'வேண்டாம்' என்றால் சுரங்கம் நிற்குமா? பெசா சட்டம் சொல்வது என்ன?

2013 ஜூலை மாதம். ஒடிசாவின் நியம்கிரி மலையில் ஒரு சின்ன பழங்குடி கிராமம். ஊர் மக்கள் கூடியிருக்கிறார்கள். நீதித்துறை சார்பில் ஒரு மாவட்ட நீதிபதியும் பார்வையாளராக வந்திருக்கிறார். கேள்வி ஒன்றுதான்: இந்த மலையில் பாக்சைட் வெட்டி எடுக்கலாமா, கூடாதா?

அடுத்த ஒரு மாதத்துக்குள் இதேபோல 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டுமே சொன்ன பதில்: கூடாது. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. அந்த பாக்சைட்டை நம்பி அடிவாரத்தில் லாஞ்சிகரில் ஆலையே கட்டியிருந்தது வேதாந்தா. ஆமாம், தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையால் நமக்கு நன்றாகத் தெரிந்த அதே குழுமம்தான்.

ஒரு ஊர்க் கூட்டத்துக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? எல்லா பழங்குடி கிராமங்களுக்கும் அது இருக்கிறதா?

பெசா சட்டம் என்றால் என்ன?

1993-ல் நாடு முழுவதும் பஞ்சாயத்து ராஜ் அமலுக்கு வந்தபோது, அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கு அது தானாகப் பொருந்தாது என்று விலக்கு தரப்பட்டது. அங்கே ஏற்கெனவே ஊர்க்கூட்டம், ஊர்த்தலைவர் என்று தனி நிர்வாக மரபு இருந்ததுதான் காரணம்.

இந்தப் பகுதிகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய திலீப் சிங் பூரியா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் பேரில் 1996 டிசம்பரில் வந்ததுதான் 'பெசா' எனப்படும் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம். இன்று 10 மாநிலங்களில் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் இருக்கின்றன.

நம்ம ஊர் கிராம சபைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நமக்கு கிராம சபை என்றால் ஊராட்சிக்கு ஒன்று. பல குக்கிராமங்கள் சேர்ந்தது ஓர் ஊராட்சி. ஆனால் பெசாவில், தன் வழக்கப்படி தன் காரியத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு குக்கிராமமே தனி கிராமமாக இருக்கலாம். அதனால் மலை மேல் இருக்கும் 40 வீட்டுக்காரர்களின் குரல், கீழே இருக்கும் 400 வீடுகளின் கூட்டத்தில் காணாமல் போகாது.

அதிகாரங்களும் அதிகம். சிறு வனப் பொருட்களின் உரிமை, வட்டிக்கு விடுபவர்கள் மீது கட்டுப்பாடு, மதுவிலக்கு, பறிபோன நிலத்தை மீட்பது, மரபு வழியில் தகராறு தீர்ப்பது எனப் பட்டியல் நீள்கிறது.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

ஒரே ஒரு வார்த்தையில்! நிலம் கையகப்படுத்தும் முன் கிராம சபையிடமோ, உரிய நிலையில் உள்ள பஞ்சாயத்திடமோ 'கலந்தாலோசிக்க' வேண்டும் என்கிறது பெசா. 'சம்மதம் பெற வேண்டும்' என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு, அதற்கு மாறாகவும் முடிவெடுக்கலாம் என்று அதிகாரிகள் வாதிட இடம் இருக்கிறது. அதோடு, குக்கிராமத்தை விட்டுவிட்டு மேல்மட்ட பஞ்சாயத்தைக் கேட்டாலே போதும் என்ற வழியும் திறந்தே இருக்கிறது.

2013-ன் நிலம் கையகப்படுத்தல் சட்டம் இந்தப் பகுதிகளில் முன்கூட்டியே சம்மதம் கட்டாயம் என்றது. ஆனால் நிலக்கரி நிலங்களை 1957-ம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் எடுக்கலாம். அங்கே இந்த சம்மத நிபந்தனை பொருந்தாது.

இன்னொன்று, விதிகள். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகளை மாநிலங்கள்தான் எழுத வேண்டும். மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் அதை எழுதியது 2022-ல். சட்டம் வந்து 26 வருஷம் கழித்து!

நியம்கிரியில் மட்டும் எப்படி நடந்தது?

அங்கே கைகொடுத்தது 2006 வன உரிமைச் சட்டம். டோங்கிரியா கோண்டு மக்களுக்கு அந்த மலை நியம் ராஜா என்ற தெய்வத்தின் இருப்பிடம். அவர்களின் வழிபாட்டு, பண்பாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதை கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதாவது, அந்த 12 கூட்டங்களும் கூட ஒரு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருக்க, எந்த 12 என்று தேர்ந்தெடுத்ததும் மாநில அரசுதான்.

கல்லில் எழுதினால் குற்றமா?

ஜார்க்கண்டின் முண்டா மக்களிடம் இறந்தவர் நினைவாகக் கல் நடும் வழக்கம் உண்டு, நம் நடுகல் போல. 2017-18-ல் குந்தி மாவட்ட கிராமங்களில் அதே போன்ற கற்களில் பெசா சட்டப் பிரிவுகளையும் கிராம சபையே பெரியது என்பதையும் எழுதி நட்டார்கள். 'பத்தல்கடி' எனப்பட்ட இந்த இயக்கத்தில் வெளியாட்கள் ஊருக்குள் வரவும் சில இடங்களில் தடை போட்டார்கள். தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. 2019 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த ஹேமந்த் சோரன் அரசு அவற்றைத் திரும்பப் பெற முடிவெடுத்தது.

தமிழ்நாட்டுக்கு இது பொருந்துமா?

பொருந்தாது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 7.95 லட்சம் பழங்குடியினர் இருக்கிறார்கள். ஆனால் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் நீலகிரியிலோ கல்வராயன் மலையிலோ பெசா கிடையாது. ஆனால் வன உரிமைச் சட்டம் உண்டு. காட்டு நிலத்தின் மீதான உரிமையை முடிவு செய்யும் வேலை, அந்தச் சட்டப்படி, கிராம சபையில்தான் தொடங்க வேண்டும்.

நியம்கிரி கதை அதோடு முடியவில்லை. மறுபடியும் கிராம சபை கூட்ட அனுமதி கேட்டு ஒடிசா சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 2016-ல் அந்த மனு தள்ளுபடி ஆனது. கிராமம் ஒரு தடவை 'வேண்டாம்' என்று சொன்னால் போதாது, அதற்குப் பிறகும் அதைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய நிலைமை.