சாலையோரப் பசுவேலி: வீட்டுக் காற்றைக் காக்க ஒரு வழி



அரியாங்குப்பத்தில் கடலூர் சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் அறிவார்கள்: காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மாலைக்குள் மீண்டும் கருந்தூசி படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். வண்டிப் புகையோடு வரும் நுண்துகள்களை அவற்றால் தடுக்க முடியாது. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான இத்துகள்கள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் ஆழம்வரை சென்று ஆஸ்துமாவைத் தூண்டும், இதயத்தையும் பாதிக்கும். குழந்தைகளும் முதியோரும் கர்ப்பிணிகளும்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

இப்புகை சாலையோரத்தில்தான் மிக அடர்த்தி. சில நூறு மீட்டர் தள்ளிப் போனால் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே சாலையை ஒட்டிய முதல் வரிசை வீடுகளும், மதரஸாவும், கடைகளுமே நம் கவலைக்குரியவை.

செடிகள் என்ன செய்கின்றன?

இரண்டு வேலைகள். ஒன்று, சொரசொரப்பும் மெல்லிய ரோமமும் உள்ள இலைகள் துகள்களைப் பிடித்து வைக்கின்றன. மழை அவற்றைக் கழுவித் தரையில் சேர்க்கிறது. இரண்டு, அடர்ந்த வேலி புகைக்காற்றை மேலே தள்ளிச் சுத்தமான காற்றோடு கலக்கச் செய்கிறது.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், போக்குவரத்து மிகுந்த சாலையோர வீடுகளின் முன் இளம் மரங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தனர். அவ்வீடுகளுக்குள் துகள்கள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன.

எந்த மரமும் போதுமா?

போதாது. உயரமாக வளர்ந்து அடியில் வெற்றுத் தண்டாக நிற்கும் மரவரிசையின் கீழே புகை நேராக நுழைந்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016இல் தந்த பரிந்துரையும் இதையே வலியுறுத்துகிறது: வேலி தரையிலிருந்து உச்சிவரை இடைவெளியின்றி அடர்ந்து, ஆண்டு முழுவதும் இலையோடு இருக்க வேண்டும்.

இருபுறமும் மாடி வீடுகள் நெருங்கிய குறுகிய தெருவில் நிலைமை வேறு. அங்கே மரக்கிளைகள் மேலே கூரைபோல் கூடிவிட்டால், புகை வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். அத்தெருக்களுக்கு இடுப்பளவு, மார்பளவு செடிவேலியே ஏற்றது.

நம் ஊரில் எப்படிச் செய்யலாம்?

சாலைப் பக்கம் செடிவேலி, அதற்குப் பின்னால் மரம் என இரண்டு அடுக்காக வையுங்கள். வேலிக்கு மருதாணி, நொச்சி, செம்பருத்தி, இட்லிப்பூ நல்லவை. ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒன்றாக நட்டு, அவ்வப்போது நுனி கிள்ளினால் அடியிலிருந்தே அடர்ந்து வரும். மரத்திற்கு வேம்பு, புங்கன், பூவரசு போதும். அரளி நச்சுச் செடி. குழந்தைகளும் ஆடுகளும் நடமாடும் இடத்தில் வேண்டாம். வேகமாக வளர்கிறதே என்று கோனோகார்பஸ் வைக்காதீர்கள். அதன் மகரந்தம் ஒவ்வாமை தருவதாகக் கூறி குஜராத் அரசு 2023இல் அதை நடத் தடை விதித்தது.

2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயல் நம் பகுதியில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதை மறக்க முடியாது. ஆகவே குழியை ஆழமாக எடுங்கள். மின்கம்பிக்கு நேர் கீழே நடாதீர்கள். மழைக்காலத்திற்கு முன் கிளைகளைக் கழியுங்கள். சாலை நிலத்தில் நடுவதானால் கொம்யூன் பஞ்சாயத்திலும் பொதுப்பணித் துறையிலும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கும் வழி இருக்கிறது. பள்ளிவாசலில் உளூ செய்த நீரில் சோப்பு இல்லை. அதைச் சாக்கடையில் விடாமல் ஒரு குழாய் வழியாகச் செடிகளுக்குத் திருப்பிவிட்டால், கோடையிலும் வேலி வாடாது.

செடிவேலி புகையைக் குறைக்குமே தவிர, நிறுத்தாது. நின்ற வண்டியின் எஞ்சினை அணைப்பதும், குப்பையை எரிக்காமல் இருப்பதும் நம் கையில்தான் உள்ளது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தது. பாதையில் தொல்லை தருவதை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகவே அவர்கள் போதித்தார்கள். வரும் மழைக்காலத்திற்குள் சாலையோர வீடு ஒவ்வொன்றும் பத்து மருதாணிக் கன்றுகளாவது நட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். இன்ஷா அல்லாஹ், பெருநாளைக்குக் கைக்கும் ஆகும். பிள்ளைகளின் மூச்சுக்கும் ஆகும்.