மாசம் ஒரு தாமிரபரணி!

"ஏலே, இன்னைக்கு ஒரே மூச்சுல பன்னெண்டு கிலோமீட்டர் விட்டுட்டேம்லே!"

பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியம் பக்கத்து டீக்கடையில் இப்படி ஒரு குரல் கேட்டால், ஓரமாக நிற்கிற சீனியர் அண்ணன் கிளாஸைக் கீழே வைக்காமல் கேட்பார்.

"நேத்து எவ்வளவுலே ஓடின?"

"நேத்து ஓடலண்ணே..."

"முந்தாநாள்?"

பதில் வராது. நாலு நாள் கழித்துப் பார்த்தால், அதே தம்பி ஹாஸ்டல் வராந்தாவில் முழங்காலுக்குக் கீழே ஐஸ் கட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்!

கிராஸ் கன்ட்ரி, காவலர் தேர்வு, ராணுவ ஆள்சேர்ப்பு, மாரத்தான் மெடல் ஆசை... காரணம் எதுவானாலும் நம்ம பசங்க பண்ணுற தப்பு ஒண்ணே ஒண்ணுதான். தேதி அறிவிக்கிற வரைக்கும் குறட்டை. அறிவிச்ச மறுநாள் குதிரைப் பாய்ச்சல். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடிக்கணும். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிஷம் 40 செகண்ட். ஒழுங்காகத் தயாரானவனுக்கு இது பெரிய மலை இல்லை. ஆனால் எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் எடுத்துவிட்டு, கால் வலியால் கிரவுண்டில் வாய்ப்பைத் தவறவிட்டால்? ஒரு வீட்டோட எதிர்பார்ப்பே அந்தக் காலில்தானே நிக்குது!

சரி, என்னதான் வழி? ஒரே வார்த்தைதான்: வாரக் கணக்கு. இன்னைக்கு எவ்வளவு ஓடினோம் என்பது முக்கியமில்லை பாஸ். இந்த வாரம் மொத்தம் எவ்வளவு, போன வாரம் எவ்வளவு என்பதுதான் மேட்டர்.

ரெண்டு ரவுண்டு ஓட 35 கிலோமீட்டரா?

இந்தக் கணக்கை உலகத்துக்குப் புரிய வைத்தவர்களில் முக்கியமானவர் ஆர்தர் லிடியார்ட். நியூசிலாந்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி, வாரத்துக்கு எத்தனை மைல் ஓடினால் தேறலாம் என்று கூட்டிக் குறைத்துப் பார்த்தார். கடைசியில் வந்து நின்ற எண், வாரம் 100 மைல். நம்ம கணக்கில் 160 கி.மீ!

அவரிடம் பயிற்சி எடுத்த பீட்டர் ஸ்னெல் ஓடியது 800 மீட்டர். டிராக்கில் ரெண்டே ரவுண்டு. அதுக்கும் ஆக்லாந்து மலைப்பாதையில் 22 மைல், அதாவது சுமார் 35 கி.மீ. ஓட வைத்தார். ரிசல்ட்? 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம். 1964 டோக்கியோவில் 800, 1,500 ரெண்டிலும் தங்கம்!

உடனே "நாளையிலிருந்து நானும் 35"னு கிளம்பிடாதீங்க. அந்த அளவுக்கு வர அவங்களுக்குப் பல வருஷம் பிடிச்சது.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. புதுக்கோட்டை லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் ரெண்டிலும் தங்கம் அள்ளினார். அதே புதுக்கோட்டையின் சூர்யா, 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 5,000, 10,000 ரெண்டிலும் தங்கம். ரெண்டு பேரையும் உருவாக்கியவர் பயிற்சியாளர் லோகநாதன். புதுக்கோட்டையால் முடியும்னா பாளையங்கோட்டையால் முடியாதா என்ன?

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

மெதுவாக, தொடர்ந்து ஓடும்போது உள்ளே நிறைய வேலை நடக்குது. இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகும். தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும். சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா கூடும். சில வாரத்திலேயே மூச்சு சுலபமாகிவிடும்.

ஆபத்தே இங்கேதான்! மூச்சு சீக்கிரம் பழகிடும். தசைநாரும் எலும்பும் பழக மாசக்கணக்கில் ஆகும். 'நல்லா இருக்கே, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போவோம்'னு மனசு சொல்லும். கால் எலும்பு மட்டும் 'இரு மக்கா'ன்னு கெஞ்சும். நமக்கு அது கேக்காது.

'வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே' என்பது ஓட்டக்காரர்களின் பழைய வேதவாக்கு. ஆனால் 2008-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், புதிதாக ஓட வந்தவர்களில் இந்த விதிப்படி ஓடியவர்களுக்கும் வேகமாகக் கூட்டியவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காயம் வந்தது. அப்போ தப்பு எங்கே? 5,000-க்கும் அதிகமான ஓட்டக்காரர்களைக் கவனித்து 2025-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு இடத்தைக் காட்டியது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட, ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டி ஓடியவர்களுக்குக் காயம் அதிகம். ரெண்டு மடங்குக்கு மேல் தாவியவர்களுக்கு இன்னும் அதிகம். டீக்கடை தம்பி மாட்டியது இங்கேதான்!

காலேஜ் திறக்குது... கணக்கைத் திறங்க!

ஏற்கெனவே 3, 4 கி.மீ. நிற்காமல் ஓட வருதா? அப்போ இதோ கணக்கு.

முதல் வாரம் நாலு நாள்: 4, 3, 4, ஞாயிறு 5. மொத்தம் 16 கி.மீ. அடுத்த ரெண்டு வாரம் 17.5, 19. நாலாவது வாரம் 15-க்கு இறங்கிடணும். அது சோம்பேறித்தனம் இல்லை, ரிப்பேர் டைம்!

அடுத்த நாலு வாரம் 20, 22, 24, மறுபடி இறங்கி 19. அதற்கடுத்து 25, 27, 29, 23. பதிமூணாவது வாரம் 30. பதினாலாவது வாரம் 32.

ஞாயிறு ஓட்டத்தில் அரை அரை கிலோமீட்டராகத்தான் ஏறணும். வார மொத்தத்தில் அது மூணில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கில் பதினாலாவது வாரம் ஞாயிறு 10 கி.மீ. ஓடியிருப்பீங்க. ஜூனில் ஆரம்பிச்சா செப்டம்பருக்குள் கைக்கு வந்துடும்.

வேகம்? பக்கத்தில் ஓடுகிற நண்பனிடம் நேற்றைய மேட்ச் கதையை முழு வாக்கியத்தில் பேச முடியணும். மூச்சு வாங்கினா வேகம் ஜாஸ்தி. சர்வதேச வீரர்களே ஐந்தில் நாலு பங்கு ஓட்டத்தை இப்படி நிதானமாகத்தான் ஓடுறாங்க. முதல் ரெண்டு மாசம் வேக ஓட்டம் வேண்டாம். அப்புறம் வாரம் ஒரு நாள் போதும்.

நம்ம ஊர் வெயிலோட மல்லுக்கட்டாதீங்க. ஆறு மணிக்குள் பாதி தூரம் முடிச்சிடுங்க. தார் ரோட்டை விட்டு, கால்வாய்க் கரை மண் பாதை கிடைச்சா விடாதீங்க. ஓடி முடிச்சதும் தண்ணீர் குடிங்க, பழைய சோத்துத் தண்ணியில் உப்பு போட்டுக் குடிச்சாலும் சூப்பர்தான். வெறும் வயித்தோட கிளாஸுக்கு ஓடாதீங்க. ராத்திரி ஒரு மணி வரை செல்போன் நோண்டினால் ஓடியதெல்லாம் வேஸ்ட்.

கீழ்க்காலின் உள்பக்கம் பரவலாக வலிச்சா தூரத்தைக் குறைங்க. 'இங்கதான்'னு ஒத்தை விரல் வச்சுக் காட்டுற மாதிரி எலும்பில் ஒரே இடத்தில் வலிச்சா, ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. எலும்பில் விரிசலாக இருக்கலாம்.

தோழிகளுக்கு ஒரு வார்த்தை: எப்பவும் அசதியா இருந்தா ஹீமோகுளோபின் பார்த்துக்கோங்க. பயிற்சி கூடும்போது பீரியட்ஸ் தள்ளிப்போனால், 'நல்லாப் போச்சு'ன்னு விட்டுடாதீங்க. ஓடுற அளவுக்குச் சாப்பிடலைங்கிற எச்சரிக்கையா அது இருக்கலாம். எலும்பு பலவீனமாவதும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. தேதி, தூரம், கால் எப்படி இருந்தது... மூணே மூணு விஷயம் எழுதுங்க. காயம் வருமுன்னே அந்த நோட்டு காட்டிக்கொடுத்துடும்.

கடைசியா ஒரு கணக்கு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற நம்ம தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கி.மீ. வாரம் 32 கி.மீ. ஓடினால் நாலு வாரத்தில் மலையிலிருந்து கடல் வரைக்கும் ஓடி முடிச்ச மாதிரி! ஆறு அதை ஒரே தாவலில் தாண்டுறதில்லை. அம்பை, சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம்னு ஊர் ஊராத் தொட்டுக்கிட்டுத்தான் போகுது.

அதே மாதிரி போங்க. அவசரப்பட்டு உடம்புக்கு அல்வா கொடுக்க நெனச்சா, போட்டி அன்னைக்கு உடம்பு நமக்குக் கொடுத்துடும்... அதுவும் ஒரு கிலோ பார்சல்!