முன் எஞ்சின் டிராக்ஸ்டர்
அமெரிக்கா, 1954–1971

கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதையில் சீறிப் பாய்வதற்காகவே உருவான வண்டி இது. 1954இல் கலிஃபோர்னியாவின் பந்தய ஓட்டுநர் மிக்கி தாம்ஸன் ஓட்டுநரின் இருக்கையைப் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளிவைத்தார். எடை பின்சக்கரங்களின் மேல் விழுந்து பிடிமானம் கூடியது. இந்த அமைப்புக்கு 'ஸ்லிங்ஷாட்' என்று பெயர் வந்தது.

இருக்கையைப் பாருங்கள்
கிளட்சும் கியர்பெட்டியும் ஓட்டுநரின் கால்களுக்கு நடுவே இருக்கின்றன. 1970 மார்ச் 8 அன்று லாங் பீச்சை அடுத்த லயன்ஸ் பந்தயத் திடலில் கியர்பெட்டி வெடித்து, ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மறு ஆண்டே அவர் எஞ்சினைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியில் பந்தயம் வென்றார். அதோடு முன் எஞ்சின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது.

மீட்டெடுப்பும் சான்றும்
இத்தகைய பழைய வண்டியை மீண்டும் பந்தயத்தில் ஓட்ட, முதலில் அதன் சட்டகத்தைச் சோதிக்க வேண்டும். பழைய சட்டகத்தின் குழாய்கள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே வண்ணப்பூச்சு பளபளக்கும். ஆகவே பூச்சைச் சுரண்டி, ஒவ்வொரு வெல்டிங் இணைப்பிலும் விரிசல் உண்டா என்று பார்க்கிறார்கள். மீயொலிக் கருவியால் குழாயின் தடிமனை அளக்கிறார்கள். மெலிந்த குழாயை வெட்டியெடுத்து, குரோம்-மாலி எஃகுக் குழாயைப் பொருத்துகிறார்கள். கிளட்சைச் சுற்றிச் சிதறல் தடுப்புக் கவசமும் காலாவதியாகாத இருக்கை வார்களும் வேண்டும். சட்டகமும், ஹெல்மெட்டுக்கு மேல் உயர்ந்து நிற்கும் கூண்டும் சரியாக இருந்தால்தான் கூண்டின் மேல் எண்ணிட்ட சான்று வில்லை ஒட்டப்படும்.

அந்த வில்லை இல்லாத வண்டியைப் பந்தயத்தில் ஓட்ட அனுமதியில்லை.