அறுபதிலும் அம்மானை ஆடலாம்!

"அறுபது வயசாச்சு டாக்டர் ஐயா, இனிமே என்னத்தைக் கத்துக்கறது?" நாகூரில் என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. நான் சொல்வேன்: அந்தக் காலப் பெண்கள் அம்மானையும் கழற்சிக்காயும் ஆடிய மாதிரி, மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள்.

ஜெர்மன் ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் இப்படிப் பழகிய இளைஞர்களின் மூளையில், அசையும் பொருளைக் கவனிக்கும் பகுதி சற்றே பெரிதானது. விட்டதும் குறைந்தது. 2008-ல், அறுபதை ஒட்டியவர்களிடமும் இதே மாற்றம் தெரிந்தது.

எப்படிப் பழகுவது? கட்டிலைப் பார்த்து நில்லுங்கள்; விழும் பந்து ஓடாது. முதலில் ஒரே பந்து, கண் உயரத்துக்கு, கைக்குக் கை. பிறகு இரண்டு: முதல் பந்து உச்சிக்குப் போனதும் அடுத்ததை வீசுங்கள். கை பழகியதும் மூன்று. தலைசுற்றல், தோள்வலி இருந்தால் வேண்டாம்.

தனியாக ஆடினால் நாலு நாளில் அலுத்துவிடும். பேரனுக்குச் சொல்லிக் கொடுங்க. அப்புறம் அவன் உங்களை விடமாட்டான்!