திருச்சியிலிருந்து சென்னைக்கு எத்தனை நிமிடம்?

சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞன், சென்னையில் காலை 10 மணிக்கு நடைபெறவிருந்த நேர்முகத் தேர்வுக்கு விமானத்தில் செல்வதென முடிவு செய்தான். தகப்பனார் சம்பா நெல் விற்ற பணத்தில் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தார். திருச்சியில் 7.30-க்குப் புறப்பாடு, ஒரு மணி நேரப் பயணம். பேருந்து நிலையத்துக்குப் போவது போல 7 மணிக்குப் போய் நின்றான். பதிவு மேசையை மூடிவிட்டிருந்தனர். தேர்வும் கைநழுவிற்று. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை அவன்! அவனுக்குக் கணிதம் கற்பித்தவன் நான். ஆகவே அக்கணக்கை இன்று உங்கள்முன் போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் தூரம். திருச்சி விமான நிலையம் அட்சரேகை 10 பாகை 46 கலை, தீர்க்கரேகை 78 பாகை 43 கலையில் உள்ளது. சென்னை நிலையம் ஏறக்குறைய 13 பாகை. 80 பாகை 11 கலை. வடக்கு நோக்கிய வேறுபாடு 134 கலை. கலை ஒன்றுக்கு 1.85 கிலோமீட்டர் வீதம் 248 கிலோமீட்டர் ஆகிறது. கிழக்கு நோக்கிய வேறுபாடு 88 கலை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவன அன்றோ? நம் பகுதியில் கலை ஒன்று 1.81 கிலோமீட்டரே, எனவே 159. இனிப் பிதாகரஸ் தேற்றத்தைக் கையாண்டால் சுமார் 295 கிலோமீட்டர் கிடைக்கும். தஞ்சையிலிருந்து மாயவரம் வழியாக ரயில் செல்லும் தூரமோ 350 கிலோமீட்டர் அளவு.

ஏ.டி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்க வல்லது. அவ்வாறாயின் 35 நிமிடம் போதுமே. அட்டவணை ஏன் ஒரு மணி என்கிறது? விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல், சென்னையில் மீண்டும் நிற்பது வரை அது கணக்கிடுகிறது. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது; சென்னை இருப்பதோ வடகிழக்கில். காற்றை எதிர்த்தே விமானம் மேலெழ வேண்டுமாதலின், மேல்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கிக் கிளம்பி, வளைந்து திரும்பும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இராது. சென்னையில் இறங்க முறை வரும்வரை வானில் வட்டமிடுவதும் உண்டு.

பயணியின் கணக்கோ இன்னும் நீளம். தஞ்சை வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஒன்றரை மணி, சோதனைகளுக்கு இரண்டு மணி, விமானத்தில் ஒன்று, பெட்டி பெற்று வெளிவர அரை, சென்னை நெரிசலில் ஒன்று. ஆக ஆறு மணி! இரவு ரயிலில் ஏறினால் உறங்கிக்கொண்டே விடியற்காலையில் சென்னையை அடையலாம். தஞ்சையிலும் பெரிய விமானத் தளம் உண்டு. 2013-ல் வான்படை நிலையமாகத் தொடங்கப்பெற்ற அதனைப் பயணச் சீட்டுக்காரர் நம்பிப் பயனில்லை.

உங்களுக்கு ஒரு வீட்டுக் கணக்கு. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. அக்காங்கேசன்துறையை அடுத்த பலாலி நிலையத்துக்குத் திருச்சியிலிருந்து 2025 மார்ச்சில் விமானம் விடப்பெற்றது. பலாலி 9 பாகை 48 கலை. 80 பாகை 4 கலை. விடை 180 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சென்னையைவிட யாழ்ப்பாணம் நமக்கு அருகில்.