அடுப்பில்லாத குச்சி விருந்து

கோடை விடுமுறைக்கு அத்தை குடும்பமும் சித்தப்பா குடும்பமும் வந்து வீடு நிறைந்திருக்கும் நேரம் இது. கொளுத்தும் மதியத்தில் பஜ்ஜிச் சட்டி முன்னால் நின்று வேகாதீர்கள், நேயர்களே. அடுப்பையே பற்றவைக்காமல் அருமையான சிற்றுண்டி ஒன்றைச் செய்துவிடலாம்.

தர்பூசணி, வெள்ளரி, கிளிமூக்கு மாங்காய், பன்னீர் நான்கையும் ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். மூங்கில் குச்சியில் முதலில் வெள்ளரியைக் குத்துங்கள். கெட்டியான துண்டு அடியில் இருந்தால் மற்றவை வழுக்கி இறங்காது. அடுத்து தர்பூசணி, மடித்த புதினா இலை, பன்னீர், கடைசியில் மாங்காய். தர்பூசணியில் சுமார் 92 சதவீதமும் வெள்ளரியில் 95 சதவீதமும் தண்ணீர்தான். வெயிலில் களைத்து வருபவர்களுக்கு இது அத்தனை இதம்!

உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு எல்லாம் பரிமாறும்போது மட்டும்தான். முன்கூட்டியே உப்புப் பட்டால் துண்டுகள் நீர்விட்டுத் துவண்டுபோகும்.

நறுக்குவதற்கு முன் தர்பூசணியின் தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் தோலில் உள்ள கிருமி கத்தியோடு உள்ளே போய்விடும். குத்திய குச்சிகளை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில், ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது.

சின்னக் குழந்தைகளுக்குக் குச்சியோடு தர வேண்டாம். உருவி, இன்னும் பொடியாக நறுக்கி, கிண்ணத்தில் கொடுங்கள். பெரிய பிள்ளைகளை உட்காரவைத்து, குச்சி குத்தும் வேலையை அவர்களிடமே ஒப்படையுங்கள், உற்சாகமாகச் செய்வார்கள்!