ஆறு மடிப்பு, ஒரே வெட்டு

க்வில்ட் தைப்பதில் எது கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். புதிதாகத் தொடங்கியவர்கள் தையல் என்பார்கள். பல வருஷமாகத் தைத்து வருபவர்கள் வெட்டுவதுதான் என்பார்கள். நானும் இரண்டாவது கட்சி.

நூற்றுக்கணக்கான சிறு துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, அதை மேல்துணியாக்கி, நடுவில் பஞ்சுப் படலம் வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்துத் தைக்கிற போர்வை க்வில்ட். ஒவ்வொரு துண்டும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பெரிதாகிப் போனது என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாத அளவு அது. ஆனால் 12 துண்டு கொண்ட ஒரு வரிசை முடியும்போது முக்கால் அங்குலம் கூடியிருக்கும். பக்கத்து வரிசையோடு அது சேராது. இழுத்துப் பிடித்துச் சேர்த்துவிட்டால் அந்த நேரத்துக்குத் தப்பிக்கலாம். போர்வையை விரித்துப் போடும்போது நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். துணி வெட்டும் டை மெஷின் வந்தது இந்தப் பதினாறில் ஒரு பங்குக்காகத்தான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் சொல்கிறேன்.

முன்பெல்லாம் அட்டையில் வடிவம் வெட்டி, துணிமேல் வைத்து, பென்சிலால் வரைந்து, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக்கு வீடு தைக்கப்பட்ட 'பாட்டியின் பூந்தோட்டம்' என்ற அறுகோண க்வில்ட்டை நினைத்துப் பாருங்கள்: ஒரு போர்வைக்கு ஆயிரத்துக்கு மேல் அறுகோணம் வெட்டியவர்கள் உண்டு. 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சக்கரக் கத்தியைக் கொண்டுவந்தது. ஒளி புகும் ஸ்கேலும் வெட்டுப்பாயும் சேர்ந்ததும் நேர்க்கோட்டுக்கு விடிவு பிறந்தது. நாலு மடிப்புத் துணியில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் பட்டை தயார். ஆனால் வளைவும் அறுகோணமும் பொடி முக்கோணமும் அப்படியே கஷ்டமாக நின்றன. ஸ்கேலை மணிக்கணக்காக அழுத்திப் பிடிப்பதால் வரும் மணிக்கட்டு வலி புதிதாகச் சேர்ந்துகொண்டது.

டை என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். தம்ளரைக் கவிழ்த்துப் பூரி மாவில் அழுத்தினால் எல்லாப் பூரியும் ஒரே அளவாக வருகிறதல்லவா, அதே வேலைதான். ஒரு பலகை. அதில் நாம் விரும்பும் வடிவத்தில் வளைத்துப் பதித்த மெல்லிய எஃகுப் பட்டை. அதன் மேல்விளிம்பு கூர். எஃகைச் சுற்றி ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். ஸ்பாஞ்ச் கூரைவிடச் சற்று உயரமாக இருப்பதால் தொட்டால் விரல் அறுபடாது. அழுத்தம் விழும்போது அது அமுங்கி எஃகுக்கு வழிவிடும். அழுத்தம் போனதும் மேலெழுந்து, வெட்டிய துணியை வெளியே தள்ளிவிடும்.

நம்மூருக்கு இது அந்நியத் தொழில் இல்லை. சிவகாசியில் மிட்டாய்ப் பெட்டியும் கல்யாணப் பத்திரிகையும் வெட்டுவது இதே மாதிரி எஃகுப் பட்டை பதித்த டையில்தான். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ தொழிற்சாலைகளில் தோலை வெட்டுவதும் டையை வைத்துத்தான். அங்கே பல டன் எடையுடன் ஒரு தட்டு மொத்தமாக இறங்கி அழுத்தும்.

வீட்டு மேஜைமேல் அத்தனை டன்னுக்கு எங்கே போவது? அதனால் க்வில்ட் மெஷினில் இரண்டு உருளைகளை வைத்தார்கள். டையை ஸ்பாஞ்ச் மேலே தெரிய வைத்து, அதன்மேல் துணியை அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் பாயை மூடி, உருளைகளுக்கு நடுவே கொடுத்துக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மறுபக்கம் வரும்போது வெட்டு முடிந்திருக்கும். எந்த நேரத்திலும் உருளையின் அழுத்தம் மொத்த டைமேல் விழுவதில்லை, ஒரு மெல்லிய கோட்டில்தான் விழுகிறது. அந்தக் கோடு நகர்ந்து நகர்ந்து டை முழுவதையும் கடக்கிறது. தொழிற்சாலை பல டன்னில் செய்வதை ஒரு பெண்மணி ஒரு கையால் செய்ய முடிவது இதனால்தான்.

இந்த ஒன்று புரிந்துவிட்டால் மெஷினின் பாதிக் குணங்கள் தானாகப் புரியும். நீளமான எஃகு விளிம்பு ஒன்று உருளைக்கு இணையாகக் கிடந்தால் என்ன ஆகும்? அந்த விளிம்பு முழுவதும் ஒரே நொடியில் உருளையைச் சந்திக்கும். கைப்பிடி முரண்டு பிடிக்கும், அந்த ஓரத்தில் மட்டும் சில நூல்கள் அறாமல் தொங்கும். பல டைகளில் சதுரம்கூடப் பலகையில் கோணலாகப் பதிந்திருப்பதைக் கடையில் பார்த்து, தயாரிப்பில் ஏதோ கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. கோளாறில்லை, வேண்டுமென்றே செய்தது. சாய்ந்திருக்கும் விளிம்பை உருளை முனையிலிருந்து சிறிது சிறிதாகக் கடந்து வரும்.

இனி துணி. இங்கேதான் நிதானம் வேண்டும்.

நெய்த துணியில் கரையோடு நீளமாக ஓடும் பாவு நூலை இழுத்தால் அநேகமாக நீளாது. குறுக்கே ஓடும் ஊடை நூல் கொஞ்சம் கொடுக்கும். தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் மூலைவாட்டில் இழுத்தால் நன்றாகவே நீளும். உருளை துணியை அழுத்துவதோடு நிற்காமல் முன்னோக்கித் தள்ளவும் செய்கிறது. தள்ளும் திசையில் ஊடை இருந்தால் துணி விரிந்த நிலையிலேயே வெட்டுப்பட்டு, வெளியே வந்ததும் சுருங்கும். சதுரம் என்று வெட்டியது லேசான செவ்வகமாக வரும். ஆகவே கரை ஓடும் திசையும் உருளைக்குள் போகும் திசையும் ஒன்றாக இருக்கும்படி துணியை வையுங்கள். மெஷின் சரியாக வெட்டவில்லை என்ற புகார்களில் பலவற்றுக்கும் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

துவண்ட துணியானால் முதலில் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துகொள்ளுங்கள். சுருக்கத்தோடு வெட்டினால் அந்தச் சுருக்கமும் அளவில் சேர்ந்துவிடும். பிறகு டையின் விளிம்பைவிட இருபுறமும் கால் அங்குலம் கூடுதலாகப் பட்டை எடுத்து, விசிறி மடிப்பாக முன்னும் பின்னும் மடித்து டைமேல் வையுங்கள். ஸ்பாஞ்ச் எஃகை மறைப்பதால் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஸ்பாஞ்சின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. வழக்கமான க்வில்ட் பருத்தியானால் ஆறு மடிப்பு வரை ஒரே முறையில் வெட்டலாம். டெனிம், ஃபிளானல் என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். எட்டு மடிப்பு வைத்து நேரம் மிச்சப்படுத்தலாம் என்று பார்த்தால் அடி மடிப்பு ஒன்றாகவும் மேல் மடிப்பு வேறாகவும் வரும், உருளையும் கெடும்.

விசிறி மடிப்பில் ஒரு பொறி இருக்கிறது. மடிக்கும்போது ஒரு மடிப்பு நல்ல பக்கம் மேலாகவும் அடுத்தது உள்பக்கம் மேலாகவும் மாறி மாறி அமையும். சதுரத்துக்கும் அறுகோணத்துக்கும் இதனால் ஒன்றும் இல்லை. ஆனால் சாய்ந்த நாற்கரம் வெட்டினால் மூன்று வலப்பக்கம் சாய்ந்தும் மூன்று இடப்பக்கம் சாய்ந்தும் வரும். உங்கள் டிசைனுக்கு இரண்டு சாய்வும் வேண்டுமென்றால் லாபம். ஒரே சாய்வுதான் வேண்டுமென்றால் பாதித் துணி வீண். அப்படிப்பட்ட வடிவங்களுக்குத் துணியை மடிக்காமல் தனித்தனியாக நறுக்கி, எல்லாவற்றையும் நல்ல பக்கம் ஒரே திசையில் இருக்கும்படி அடுக்குங்கள். அதற்கு முன் ஒரே ஒரு மடிப்பை வெட்டிச் சாய்வைப் பார்த்துவிடுங்கள்.

முக்கோணத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. க்வில்ட்டில் தையலுக்குக் கால் அங்குலம் விடுவது உலக வழக்கம். தைத்த பின் 4 அங்குலம் வர வேண்டிய சதுரத்தை 4 1/2 என்று வெட்டினால் போதும். குறுக்கே பாதியாக வெட்டும் முக்கோணத்துக்கு அப்படி முடியாது, சாய்ந்த பக்கத்துக்கும் தையல் விட வேண்டும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு நேர்ப்பக்கத்துக்கும் 0.854 அங்குலம் சேர்க்க வேண்டும். ஸ்கேலில் அப்படி ஒரு கோடு கிடையாதே! அதனால் கையால் வெட்டுபவர்கள் 7/8, அதாவது 0.875 சேர்த்து வெட்டுகிறார்கள். நூலிழை வித்தியாசம்தான், ஆனால் முக்கோணங்கள் நிறைந்த டிசைனில் அது வளர்ந்துகொண்டே போகும். டை செய்பவருக்கு ஸ்கேலின் கோடுகளைப் பற்றிக் கவலையில்லை. சரியான அளவிலேயே எஃகை வளைக்கலாம். தைத்தபின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைகளையும் டையிலேயே சீவிவிடுகிறார்கள். சீவிய முனையோடு முனை வைத்தால் துண்டுகள் நகராமல் பொருந்தும்; குண்டூசியோடு மல்லுக்கட்டும் வேலை பாதியாகிவிடும்.

வளைவும் அப்படியே. 'குடிகாரன் பாதை' என்ற பழைய அமெரிக்க டிசைனில் கால்வட்டம் ஒன்றையும் அதைத் தாங்கும் குழிந்த துண்டையும் சேர்க்க வேண்டும். அதற்கான டைகள் இரண்டின் வளைவிலும் நடுவில் ஒரு சிறு வெட்டு போட்டுத் தருகின்றன. வெட்டை வெட்டோடு சேர்த்தால் நடு கிடைத்துவிட்டது. துணிமேல் துணி ஒட்டும் பூ, இலை வடிவங்களுக்கானால், இஸ்திரி சூட்டில் ஒட்டும் பசைத்தாளை முதலில் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். ஓரம் பிரியாது.

பராமரிப்பு சொற்பம். பிளாஸ்டிக் பாயை ஒவ்வொரு முறையும் புரட்டியும் திருப்பியும் போடுங்கள். ஒரே இடத்தில் எஃகு இறங்கினால் பள்ளம் விழும், நூல் அதற்குள் அமுங்கி அறாமல் போகும். நூல் தொங்கினால் டை மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் பாயைப் பாருங்கள். பாய் தேயத்தான் செய்யும், அது செலவுக் கணக்கில் சேர்ந்தது.

என்னென்ன வாங்குவது? அமெரிக்காவின் ஓமாஹா நகரத்து அக்யூக்வில்ட் நிறுவனத்தின் மெஷின்கள் துணிக்கென்றே செய்தவை. சிஸிக்ஸ் நிறுவனத்தின் பிக் ஷாட் காகிதக் கைவேலைக்கும் துணிக்கும் பொதுவானது, வாய் 6 அங்குலம்தான். 2017-இல் வந்த கிரிகட் மேக்கர் மாதிரியான கணினி மெஷின்கள் வேறு ஜாதி. டையே வேண்டாம், படம் கொடுத்தால் சிறு சக்கரக் கத்தி அதை வெட்டித் தரும். எந்த வடிவமும் கிடைக்கும், ஆனால் ஒரு மடிப்புத்தான். ஒரே முக்கோணம் 300 வேண்டுமென்றால் உருளை மெஷினுக்கு முன்னால் அது நிற்காது.

மெஷினைவிட டைகள்தான் பணத்தை விழுங்கும். பூனை, கிறிஸ்துமஸ் மரம், காபிக் கோப்பை என்று கண்ணைக் கவரும் டைகளைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். ஒரு போர்வைக்குப் பிறகு அவை அலமாரியில் தூங்கும். ஒன்றோடொன்று அளவு பொருந்தும் அடிப்படை வடிவங்களை வாங்குங்கள். அக்யூக்வில்ட் இப்படிச் சதுரம், முக்கோணம், செவ்வகம், சாய்ந்த நாற்கரம் என எட்டு டைகளை ஒரே பெட்டியில் விற்கிறது. மரபான டிசைன்கள் பலவற்றை அந்த எட்டிலேயே முடித்துவிடலாம். வாங்கும்போது டையில் எழுதியிருப்பது வெட்டும் அளவா, தைத்தபின் வரும் அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீளப் பட்டைகளும் பெரிய சதுரங்களும் மட்டுமே தைப்பவருக்கு இந்த மெஷின் தேவையில்லை. சக்கரக் கத்தியே போதும், துணியும் மிச்சம். 4 1/2 அங்குல டைக்கு 5 அங்குலப் பட்டை போவதால் பத்தில் ஒரு பங்கு துணி ஓரமாகக் கழிகிறது, அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். முக்கோணம், அறுகோணம், வளைவு என்று நிறையத் தைப்பவர்களுக்கு அந்தச் சேதாரம் பெரிதில்லை. விரல் மூட்டு வலியால் கத்தரியை ஒதுக்கிவைத்தவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். மெஷின் வாங்கிய பிறகு விட்டுப்போன வேலைக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். காசு கொடுப்பதற்கு முன் உங்கள் தையலைச் சோதித்துப் பாருங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, கால் அங்குலம் விட்டுப் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால், தையலை ஓரிரு நூல் வெளியே தள்ளுங்கள்; துணி மடங்கும் இடத்திலும் கொஞ்சம் அளவு போகிறது. கூடினால் உள்ளே கொண்டுவாருங்கள். அந்த நடுப்பட்டை ஒரு அங்குலத்துக்கு வந்த பிறகு டை வாங்குங்கள்.